ஜப்பானின் சிறுபான்மை இனமக்களும் அவர்களுடைய பண்பாடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான் ஒரே இனமும் ஒரே மொழியும் கொண்ட நாடு என்ற கருத்து உலகெங்கும் வேரூன்றியிருக்கிறது. அந்நாட்டுத் தலைவர்களே இதை வெளிப்படையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். 1986இல் பிரதமர் நகசோனே யசுஹிரோ இப்படிப் பேசியபோது, வடக்கே வாழும் தொல்குடியினரான ஐனு மக்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. 2020 ஜனவரியில் துணைப் பிரதமர் அசோ தரோ ஏறக்குறைய அதே கருத்தைச் சொல்லி, பிறகு மன்னிப்புக் கேட்டார். உண்மை நிலை என்ன என்பதைக் கீழ்க்காணும் கேள்விகளும் பதில்களும் விளக்குகின்றன. இவற்றில் ஐனு மக்களைப் பற்றிய பகுதி நீளமாக அமைந்திருக்கிறது. சட்டத்தால் தொல்குடி என்று ஏற்கப்பட்ட பிறகும் உரிமைகள் கைக்கு வராத மக்களின் நிலையை அவர்களுடைய வரலாறே மிகத் தெளிவாகக் காட்டுகிறது.

ஜப்பானில் வாழும் சிறுபான்மை இனமக்கள் யார் யார்?

வடக்கே ஹொக்கைடோ தீவைத் தாயகமாகக் கொண்ட ஐனு மக்களும், தெற்கே ஒகினாவா முதலிய தீவுகளில் வாழும் ரியூக்யூ மக்களும் முதன்மையானவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஹொக்கைடோவுக்கு வடக்கே உள்ள சகாலின் தீவிலிருந்து ஹொக்கைடோவுக்கு வந்து சேர்ந்த உயில்டா, நிவ்க் மக்கள் மிகச் சிறிய எண்ணிக்கையினர். 1910இல் கொரியாவை ஜப்பான் இணைத்துக்கொண்டதன் விளைவாகக் குடியேறிய கொரியர்களின் வழித்தோன்றல்களும், யோகொஹாமா, கோபே, நாகசாகி ஆகிய துறைமுக நகரங்களில் தலைமுறைகளாக வாழும் சீனர்களும் உள்ளனர். டோக்கியோவுக்குத் தெற்கே சுமார் 1,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒகசவாரா தீவுகளில், 1830இல் ஹவாயிலிருந்து வந்து குடியேறிய ஐரோப்பியர், அமெரிக்கர், பசிபிக் தீவினர் ஆகியோரின் சந்ததியினரும் இருக்கிறார்கள். அத்தீவுகளில் முதலில் நிலையாகக் குடியேறியவர்கள் இவர்களுடைய முன்னோர்களே.

இவர்களுடைய எண்ணிக்கை எவ்வளவு?

துல்லியமான விடை கிடையாது. ஜப்பானின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குடியுரிமையைக் கேட்கிறதே தவிர இனத்தைக் கேட்பதில்லை. ஹொக்கைடோ நிர்வாகம் 2006இல் நடத்திய ஆய்வில் 23,782 பேரும், 2013இல் 16,786 பேரும், 2017இல் 13,118 பேரும் ஐனு மக்களாகப் பதிவாகியிருந்தனர். பதினோரு ஆண்டுகளில் ஓர் இனம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது என்று இதைப் படிக்கக் கூடாது. இந்த ஆய்வு ஹொக்கைடோவுக்கு வெளியே வாழ்பவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. தங்களை ஐனு என்று சொல்ல முன்வருபவர்களை மட்டுமே அது எண்ணுகிறது. பள்ளியிலும் வேலையிடத்திலும் திருமணப் பேச்சிலும் இழிவுக்கு ஆளாகிவிடுவோம் என்று அஞ்சிப் பிறப்பை மறைத்து வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம். பெற்றோர் மறைத்துவிட்டதால், தாம் ஐனு என்பதையே நடுவயதில்தான் அறிந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள்.

ஐனு மக்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் இடையே மோதல் எப்போது தொடங்கியது?

ஹொக்கைடோ, சகாலினின் தென்பகுதி, குரில் தீவுகள், ஹொன்ஷூ தீவின் வடமுனை ஆகியவை ஐனு மக்களின் பழைய வாழிடங்கள். வேட்டை, மீன்பிடித்தல், காட்டு உணவு சேகரித்தல் ஆகியவற்றோடு கடல் வணிகத்திலும் அவர்கள் கைதேர்ந்தவர்களாக இருந்தனர். உலர்த்திய சால்மன் மீன், மான்தோல், கழுகிறகு முதலியவற்றைக் கொடுத்து அரிசி, இரும்புப் பொருள்கள், அரக்குப் பூசிய கிண்ணங்கள் ஆகியவற்றைப் பெற்றனர். ஹொக்கைடோவின் தென்முனையில் ஜப்பானியர் குடியேறிய பின் 1457இல் கோஷமாயின் என்ற தலைவரின் கீழ் முதல் பெரும் போர் மூண்டது. 1604இல் ஜப்பானை ஆண்ட ஷோகன் (படைத்தலைவர்) தொகுகவா இயெயசு, ஐனு மக்களோடு வணிகம் செய்யும் தனியுரிமையை மட்சுமாயே பிரபுக் குடும்பத்துக்கு வழங்கினார். வேறு எவரோடும் வணிகம் செய்ய வழியில்லாமல் போனதால் விலையை ஒரு தரப்பே முடிவு செய்தது. ஒரு மூட்டை அரிசிக்கு ஈடாகக் கொடுக்க வேண்டிய சால்மன்களின் எண்ணிக்கை மாறாதிருக்க, மூட்டைக்குள் இருந்த அரிசி மட்டும் பாதிக்கும் கீழே குறைக்கப்பட்டது. 1669இல் ஷகுஷாயின் என்ற தலைவர் நடத்திய எழுச்சிக்கு இந்த அநீதி ஒரு முக்கியக் காரணம். சமாதானம் பேசுவதாக அழைத்து, விருந்தில் வைத்து அவரைக் கொன்றார்கள். அதன்பின் மீன்பிடித் துறைகள் ஒப்பந்த வணிகர்களின் கைக்குப் போயின. தங்கள் கடற்கரையிலேயே ஐனு மக்கள் கூலிகளாக உழைக்க நேர்ந்தது.

1869க்குப் பிறகு என்ன நடந்தது?

அந்த ஆண்டில், ஷோகன்களின் ஆட்சி முடிந்தபின் அமைந்த மெய்ஜி அரசு தீவுக்கு ஹொக்கைடோ என்று பெயரிட்டுத் தன் நாட்டின் பகுதியாக்கியது. ஐனு மக்களிடம் எவரும் ஒப்புதல் கேட்கவில்லை. உடன்படிக்கை எதுவும் எழுதப்படவில்லை. நிலம் ஆளற்ற நிலமாகக் கருதப்பட்டு அரசுடைமையாயிற்று. பிறகு குடியேறிகளுக்கும் செல்வந்தர்களுக்கும் பிரித்துத் தரப்பட்டது. 1871இல், பெண்கள் வாயைச் சுற்றிப் பச்சை குத்திக்கொள்வதும், ஆண்கள் காதணி அணிவதும், இறந்தவரின் வீட்டை எரிக்கும் வழக்கமும் தடைசெய்யப்பட்டன. 1876இல் நஞ்சு தோய்த்த அம்பால் வேட்டையாடுவதற்குத் தடை வந்தது. ஆறுகளில் சால்மன் பிடிப்பதும் ஒவ்வோர் ஆறாகத் தடைசெய்யப்பட்டது. சால்மனும் மானும் இல்லாத குளிர்காலம் ஐனு ஊர்களுக்குப் பட்டினிக் காலமாயிற்று.

1899இல் இயற்றப்பட்ட சட்டம் அவர்களை ‘முன்னாள் பூர்வகுடிகள்’ என்று குறிப்பிட்டது. பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில் வந்த அது, வேளாண்மை செய்ய முன்வரும் குடும்பத்துக்கு ஐந்து ஹெக்டேர் வரை நிலம் தந்தது. நல்ல நிலங்களெல்லாம் அதற்கு முன்பே குடியேறிகளின் கைக்குப் போயிருந்தன. மிஞ்சியவற்றுள் சதுப்பும் சரிவும் மிகுதி. பதினைந்து ஆண்டுகளில் பயிரிடாத நிலம் திரும்பப் பறிக்கப்பட்டது. தனிப்பள்ளிகளில் ஜப்பானிய மொழியே கற்பிக்கப்பட்டது. இந்தச் சட்டம் 1997 வரை சட்ட ஏட்டில் இருந்தது என்பதைப் பலரால் நம்ப முடிவதில்லை.

எல்லைப் பேரங்களும் அவர்களைச் சிதறடித்தன. 1875இல் ஜப்பானும் ரஷ்யாவும் சகாலினையும் குரில் தீவுகளையும் மாற்றிக்கொண்டபோது, சகாலின் ஐனு மக்கள் 841 பேர் ஹொக்கைடோவுக்குக் கொண்டுவரப்பட்டனர். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் காலராவுக்கும் பெரியம்மைக்கும் அவர்களில் நூற்றுக்கணக்கானோர் பலியாயினர். வடகுரில் தீவுகளில் வாழ்ந்த 97 பேர் 1884இல் ஷிகோட்டான் தீவுக்கு மாற்றப்பட்டனர். அந்த மக்கள் பிரிவு தனிச் சமூகமாக இன்று இல்லை.

ஐனு மக்களின் நம்பிக்கைகள் எத்தகையவை?

மனிதருக்குப் பயன்படும் அல்லது மனித ஆற்றலை மிஞ்சும் எதுவும் ‘கமுய்’ என்ற தெய்வத்தன்மை உடையது என்று அவர்கள் கருதுகிறார்கள். கரடி, ஆந்தை, ஆறு, படகு, சமையல் பாத்திரம் ஆகிய எல்லாவற்றிலும் கமுய் உறைகிறது. கமுய்கள் தங்கள் உலகில் மனித உருவத்தோடு வாழ்கின்றன என்பதும், இவ்வுலகுக்கு வரும்போது இறைச்சியையும் தோலையும் உடையாக அணிந்து மனிதருக்குப் பரிசாகக் கொண்டுவருகின்றன என்பதும் அவர்களுடைய நம்பிக்கை. அடுப்பில் வாழும் நெருப்புத் தாயே மனிதரின் வேண்டுதலை மற்றத் தெய்வங்களிடம் எடுத்துச் சொல்பவள். ஆகவே எந்த வழிபாடும் அடுப்பங்கரையில் தொடங்குகிறது. மூத்தவர் மது நிறைந்த கிண்ணத்தை ஏந்தி, செதுக்கு வேலைப்பாடு கொண்ட மெல்லிய மரக்குச்சியின் நுனியை அதில் தோய்த்து நெருப்பின் மேல் துளிகளைத் தெளிக்கிறார். அந்தக் குச்சி தம் சொற்களைத் தெய்வத்திடம் கொண்டுசேர்க்கும் என்று அவர் நம்புகிறார்.

வெளியாருக்கு மிகவும் அறிமுகமானது ‘இயோமன்தே’ என்ற கரடிச் சடங்கு. வேட்டையில் தாயை இழந்த குட்டியை வீட்டில் ஓரிரு ஆண்டுகள் பேணி வளர்த்து, பிறகு கொன்று, உணவும் மதுவும் பாட்டும் ஆட்டமும் படைத்து அதன் உயிரைத் தெய்வ உலகுக்கு வழியனுப்புவார்கள். நன்கு உபசரிக்கப்பட்ட கமுய் மீண்டும் வரும் என்பதே இதன் உட்பொருள். 1955இல் ஹொக்கைடோ ஆளுநர் இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று கூறிச் சுற்றறிக்கை விடுத்தார். 2007இல்தான் அது திரும்பப் பெறப்பட்டது. இந்தச் சடங்கைப் பற்றிய கருத்து எதுவாக இருப்பினும், அதைத் தடுத்தவர்கள் அந்த மக்களின் உணவையும் காட்டையும் முன்பே பறித்திருந்தவர்கள் என்பதை மறந்துவிட்டுத் தீர்ப்பளிக்க முடியாது.

அவர்களுடைய கைவினைகளில் குறிப்பிடத்தக்கது எது?

மரப்பட்டை நாரில் நெய்யப்படும் ‘அத்துஷ்’ துணியைச் சொல்ல வேண்டும். ஓஹ்யோ என்னும் எல்ம் வகை மரத்தின் பட்டையை, மரத்தில் நீர் ஓட்டம் மிகுந்திருக்கும் கோடைத் தொடக்கத்தில் உரிக்கிறார்கள். மரம் பட்டுப்போகாதபடி ஒரு பகுதியை மட்டுமே உரித்து, மிச்சத்தை விட்டுவிடுவார்கள். உரிப்பதற்கு முன் மரத்திடம் வேண்டிக்கொள்வதும் உண்டு. புறப்பட்டையை நீக்கிய உட்பட்டையைச் சாம்பல் கரைத்த நீரில் வேகவைத்தோ வெந்நீர் ஊற்றில் ஊறவைத்தோ மென்மையாக்குகிறார்கள். அது பல மெல்லிய அடுக்குகளாகப் பிரிந்து வரும். ஆற்று நீரில் அலசி, உலர்த்தி, விரலால் கிழித்து, முறுக்கி, முனையோடு முனை முடிந்து நூலாக்குவார்கள். நெய்பவர் தரையில் அமர்ந்து, பாவின் ஒரு முனையைத் தொலைவில் உள்ள முளையில் கட்டி, மறு முனையைத் தம் இடுப்போடு பிணைத்துக்கொள்கிறார். அவருடைய உடலே பாவின் இழுவிசையைக் கூட்டிக் குறைக்கிறது. நிபுதானி என்ற ஊரின் அத்துஷ் துணியும், செதுக்கு வேலைப்பாடுள்ள மரத்தட்டும் 2013இல் அரசின் மரபுக் கைவினைப் பட்டியலில் இடம்பெற்றன. இசைக்கருவிகளில் ‘முக்குரி’ என்ற மூங்கில் கருவி நம் மோர்சிங்கின் வகையைச் சேர்ந்தது. கயிற்றைச் சுண்டி இழுத்து வாய்க்குள் ஒலியை விரித்து வாசிக்கிறார்கள். ஐனு மக்களின் மரபு நடனம் 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஐனு மொழி இன்னும் பேசப்படுகிறதா?

வீட்டில் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர்கள் ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டார்கள். 2009இல் யுனெஸ்கோ இதை மிக மோசமான அழிவு நிலையில் உள்ள மொழியாக வகைப்படுத்தியது. உறவு உறுதியாக நிறுவப்பட்ட வேறு மொழி எதுவும் ஐனுவுக்கு இல்லை. ஜப்பானிய மொழியோடும் அதற்கு இன உறவு கிடையாது. எழுத்து வழக்கில்லாத இந்த மொழியில் பெரும் வாய்மொழி இலக்கியம் இருந்தது. இரவு முழுதும் நீளும் வீரப் பாடல்களும், தெய்வங்கள் தம் கதையைத் தாமே கூறும் பாடல்களும் அதில் அடங்கும்.

அந்தப் பாடல்கள் எழுத்தில் நிலைபெற்றதில் சிரி யுகியே என்ற இளம்பெண்ணின் பங்கு பெரிது. 1903இல் நொபொரிபெட்சுவில் பிறந்த இவர், பாட்டியிடமும் அத்தையிடமும் கேட்டு வளர்ந்த தெய்வப் பாடல்களில் பதின்மூன்றை உரோம எழுத்தில் பதிவு செய்து, ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். மொழியியலாளர் கிந்தாய்ச்சி கியோசுகேயின் அழைப்பின் பேரில் டோக்கியோ சென்று தங்கியிருந்த இவர், நூலின் படியைச் சரிபார்த்து முடித்த நாளிலேயே, 1922 செப்டம்பர் 18 அன்று, இதயநோயால் இறந்தார். அப்போது வயது 19. மறு ஆண்டில் நூல் வெளிவந்தது. ஐனு ஒருவர் தம் மக்களின் பாடல்களைத் தாமே தொகுத்து மொழிபெயர்த்து வெளியிட்ட முதல் நூல் அதுவே. வெளியார் எழுதிய ஆராய்ச்சிக் குவியலை விட இந்தச் சிறு நூலே அம்மக்களுக்குத் தங்கள் மொழியின் மீது பெருமிதத்தைத் தந்தது என்று நான் கருதுகிறேன்.

இன்று ஹொக்கைடோவில் பல ஊர்களில் மொழி வகுப்புகள் நடக்கின்றன. 1998 முதல் வானொலிப் பாடமும் ஒலிபரப்பாகி வருகிறது. அதில் கற்பிப்பவர்களில் இளைஞர்கள் பலர் உண்டு.

ஐனு மக்களை அரசு எப்போது அங்கீகரித்தது?

படிப்படியாக, ஒவ்வொரு படியும் போராட்டத்தின் பின்னரே வந்தது. நிபுதானியில் பிறந்த கயானோ ஷிகெரு 1994இல் நாடாளுமன்ற மேலவையில் இடம்பெற்ற முதல் ஐனு ஆனார்; அவையில் ஐனு மொழியிலும் பேசினார். அவருடைய ஊரில் சாரு ஆற்றின் குறுக்கே அணை கட்ட அரசு நிலம் கையகப்படுத்தியதை எதிர்த்து அவரும் மற்றோர் ஐனு குடும்பத்தினரும் வழக்குத் தொடுத்தனர். 1997 மார்ச்சில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம், ஐனு மக்கள் தொல்குடியினர் என்றும் அவர்களுடைய பண்பாட்டைக் கருதாமல் நிலம் எடுத்தது சட்டவிரோதம் என்றும் தீர்ப்பளித்தது. ஆனால் அணை அதற்குள் கட்டி முடிக்கப்பட்டிருந்தது, இடிக்க உத்தரவிடவில்லை. அதே ஆண்டு 1899ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டுப் பண்பாட்டு மேம்பாட்டுச் சட்டம் வந்தது. 2008 ஜூன் 6 அன்று நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஐனு மக்களைத் தொல்குடியினராக ஏற்குமாறு ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றின. 2019இல் வந்த சட்டம்தான் ‘தொல்குடி’ என்ற நிலையை முதன்முதலாகச் சட்டத்தில் எழுதியது.

அப்படியானால் உரிமைப் பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

தீரவில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டம் பண்பாட்டையும் சுற்றுலாவையும் வளர்க்க நிதி தருகிறது. பாகுபாடு கூடாது என்கிறது. நிலத்தின் மீதோ ஆற்றின் மீதோ தன்னாட்சியின் மீதோ எந்த உரிமையையும் தரவில்லை. சடங்குக்காக ஆற்றில் சால்மன் பிடிக்க வேண்டுமானாலும் ஆளுநரின் அனுமதி பெற்றாக வேண்டும். சிறுவயதில் தம் தந்தை சால்மன் பிடித்த ‘குற்றத்துக்காக’க் காவலரால் அழைத்துச் செல்லப்பட்டதைக் கயானோ ஷிகெரு வாழ்நாள் முழுதும் நினைவுகூர்ந்தார். உராஹொரோ என்ற ஊரைச் சேர்ந்த ராபோரோ ஐனு அமைப்பினர், தங்கள் ஆற்றின் முகத்துவாரத்தில் வணிக நோக்கிலும் சால்மன் பிடிப்பது தங்கள் மரபுரிமை என்று 2020இல் வழக்குத் தொடுத்தனர். 2024 ஏப்ரலில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆட்டமும் பாட்டும் போற்றப்படும்போது, அந்த ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் காரணமான மீனைப் பிடிக்க உரிமையில்லை என்பது எனக்குப் பெரும் அநீதியாகவே தோன்றுகிறது.

மற்றொரு காயம் முன்னோரின் எலும்புகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐனு கல்லறைகளைத் தோண்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எச்சங்களை எடுத்துச் சென்றனர். அவற்றுள் பல, உறவினரின் ஒப்புதலின்றி எடுக்கப்பட்டவை. நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பின் 2016இல் ஹொக்கைடோ பல்கலைக்கழகம் 12 பேரின் எச்சங்களை உராகவா ஊர் மக்களிடம் திருப்பித் தந்தது. அவர்கள் மரபுப்படி மீண்டும் மண்ணில் அடக்கம் செய்தார்கள். பெரும்பாலானவை ஷிராவோய் ஊரில் கட்டப்பட்ட நினைவிடத்தில் வைக்கப்பட்டுள்ளன. அவை பிறந்த ஊர்களுக்கே திரும்ப வேண்டும் என்று கேட்பவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

ரியூக்யூ மக்கள் ஐனு மக்களிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறார்கள்?

அவர்களுக்கென்று ஓர் அரசு இருந்தது. 1429இல் ஷோ ஹாஷி மூன்று சிற்றரசுகளை ஒன்றாக்கி நிறுவிய ரியூக்யூ அரசு, சீனா, ஜப்பான், கொரியா, தென்கிழக்கு ஆசியா ஆகியவற்றுக்கிடையே நடந்த கடல் வணிகத்தால் செழித்தது. 1609இல் தென்ஜப்பானின் சத்சுமா பிரபுவின் படை அதை வென்று கப்பம் கட்டவைத்தது. 1879இல் மெய்ஜி அரசு கடைசி மன்னர் ஷோ தாயை அகற்றி ஒகினாவா மாகாணத்தை உருவாக்கியது. மன்னரின் உறவுப் பெண்ணே நாட்டின் தலைமைப் பூசாரியாக இருந்ததும், ஊர்தோறும் பெண்களே வழிபாட்டை நடத்தியதும் அவர்களுடைய சமயத்தின் தனிச்சிறப்பு. பாம்புத்தோல் போர்த்திய மூன்று நரம்புக் கருவியான சன்ஷின், பிங்காட்டா என்ற வண்ண அச்சுத் துணி, வாழையினச் செடியின் நாரில் நெய்யும் பாஷோஃபு துணி ஆகியவை இன்றும் வாழ்கின்றன. போரில் அழிந்துபோகும் நிலையிலிருந்த பாஷோஃபு நெசவை ஓகிமி ஊரில் மீட்டெடுத்தவர் தைரா தோஷிகோ. அரசு அவருக்கு வாழும் தேசியச் செல்வம் என்ற தகுதியை அளித்தது.

ரியூக்யூ மொழிகள் ஜப்பானிய மொழியின் உறவு மொழிகள்; ஆயினும் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. யுனெஸ்கோ இவற்றில் ஆறைத் தனி மொழிகளாகப் பட்டியலிட்டிருக்கிறது. அரசோ வட்டார வழக்குகள் என்கிறது. முன்பு பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரப்பலகையைத் தொங்கவிடுவார்கள். அதே ‘குற்றத்தை’ வேறொரு பிள்ளை செய்யும் வரை அது கழுத்திலிருந்து இறங்காது. பிள்ளைகளையே ஒருவரையொருவர் கண்காணிக்கவைத்த கொடுமை இது. 1945இல் நடந்த ஒகினாவாப் போரில், உள்ளூர் மொழி பேசுபவர்களை ஒற்றர்களாகக் கருதித் தண்டிக்குமாறு ஜப்பானியப் படை ஆணையிட்டது. அந்தப் போரில் தீவு மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மடிந்தனர். பிறகு 1972 மே 15 வரை அமெரிக்க ஆட்சி நீடித்தது. நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 0.6 விழுக்காடே உள்ள ஒகினாவாவில், அமெரிக்கப் படைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட தளங்களின் பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு இன்றும் இருக்கிறது.

ரியூக்யூ மக்களை அரசு தொல்குடி என்று ஏற்கிறதா?

ஏற்பதில்லை. 2008 முதல் ஐ.நா. மனித உரிமைக் குழுக்கள் பலமுறை பரிந்துரைத்தும் ஐனு மக்கள் மட்டுமே தொல்குடியினர் என்பது அரசின் நிலைப்பாடு. ஒகினாவாவிலும் இதில் ஒருமித்த கருத்து இல்லை. தொல்குடி என்ற அடையாளத்தை விரும்பாத ஒகினாவா அரசியல்வாதிகளும் உண்டு. இந்தத் தயக்கத்துக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 1903இல் ஒசாகாவில் நடந்த தொழிற்கண்காட்சிக்கு வெளியே ஐனு, தைவான் தொல்குடியினர், ஒகினாவாவினர் முதலியோரை உயிருள்ள காட்சிப் பொருள்களாக உட்காரவைத்தார்கள். ஒகினாவா செய்தித்தாள் கடுமையாக எதிர்த்ததால் ஒகினாவாப் பெண்கள் விடுவிக்கப்பட்டனர். ஆனால் அந்த எதிர்ப்பு, தங்களை ஐனு மக்களோடு ஒன்றாக வைப்பதா என்ற வகையில் எழுந்தது. ஒடுக்கப்பட்டவர்களைத் தங்களுக்குள்ளேயே படிவரிசைப்படுத்திப் பார்க்கவைத்த அந்தக் காலத்தை ஒகினாவா அறிஞர்களே பிற்காலத்தில் வெளிப்படையாக விமர்சித்திருக்கிறார்கள்.

உயில்டா மக்களைப் பற்றி ஏன் அதிகம் கேள்விப்படுவதில்லை?

மிகச் சிலரே என்பதாலும், அவர்களும் அடையாளத்தை மறைத்து வாழ நேர்ந்ததாலும்தான். சகாலினில் கலைமான் மேய்த்து வாழ்ந்த இவர்களைப் போரின்போது ஜப்பானியப் படை உளவுப் பணிக்கு எடுத்துக்கொண்டது. போர் முடிந்தபின் சோவியத் அரசு அவர்களில் பலரைச் சைபீரிய முகாம்களில் அடைத்தது. அந்த முகாமிலிருந்து மீண்டு ஹொக்கைடோவின் அபஷிரி நகரில் குடியேறிய தாஹினியேனி கெண்டானு, படைவீரருக்கான ஓய்வூதியம் கேட்டபோது, அவர்களுக்குக் கட்டாய இராணுவச் சேவைச் சட்டமே பொருந்தாது என்று கூறி அரசு மறுத்துவிட்டது. அவர் 1978இல் தம் மக்களின் பொருள்களைத் திரட்டி ஒரு சிறு காட்சியகத்தைத் தொடங்கினார். 1984இல் அவர் மறைந்தார். காட்சியகம் 2010இல் மூடப்பட்டது.

ஜப்பானில் பிறந்து வளர்ந்த கொரியர்கள் ஏன் வெளிநாட்டவராகக் கருதப்படுகிறார்கள்?

ஆட்சிக்குட்பட்ட காலத்தில் அவர்கள் ஜப்பானியப் பேரரசின் குடிமக்கள். 1952இல் சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, அவர்களுடைய விருப்பத்தைக் கேட்காமலேயே அரசு அந்தக் குடியுரிமையைப் பறித்தது. ஜப்பானில் பிறந்ததால் மட்டுமே குடியுரிமை கிடைப்பதில்லை என்பதால் மூன்றாம், நான்காம் தலைமுறையினரும் வெளிநாட்டவராகவே நீடிக்கின்றனர். 1991இல் சிறப்பு நிரந்தர வாழிட உரிமை வழங்கப்பட்டது. வெறுப்புப் பேச்சுக்கு எதிரான சட்டம் 2016இல் வந்தது. அதில் தண்டனைப் பிரிவு இல்லை.

புராக்கு மக்கள் தனி இனமா?

இல்லை. இறைச்சி, தோல் முதலிய தொழில்களோடு பிணைக்கப்பட்டுப் பிறப்பால் ஒதுக்கப்பட்ட ஜப்பானியர்களே அவர்கள். 1871இல் சட்டப்படி அவர்களுடைய இழிநிலை நீக்கப்பட்டது. திருமணத்திலும் வேலையிலும் ஒதுக்குதல் தொடர்ந்தது. சிறுபான்மையினர் என்ற பொதுத் தலைப்பில் இவர்களும் பேசப்படுவதால் இந்தக் குழப்பம் நேர்கிறது.

பயணம் செல்பவர்கள் எங்கே, எப்படி அறிந்துகொள்ளலாம்?

ஷிராவோயில் 2020 ஜூலையில் திறக்கப்பட்ட உபோபோய் வளாகத்தில் தேசிய ஐனு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே நிகழ்ச்சிகள் நேர்த்தியானவை. ஆனால் நிலம் பறிபோன வரலாறு அங்கே மிகவும் அடக்கமாகவே சொல்லப்படுகிறது என்ற குறை ஐனு மக்களிடையே உண்டு. நேரம் இருப்பவர்கள் நிபுதானிக்கும் செல்வது நல்லது. ஊராட்சியின் அருங்காட்சியகமும், கயானோ ஷிகெரு தாமே திரட்டிய பொருள்களைக் கொண்ட காட்சியகமும் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. அபஷிரியில் வட மக்களுக்கான அருங்காட்சியகமும், நாஹாவில் ஒகினாவா மாகாண அருங்காட்சியகமும் பார்க்க வேண்டியவை. எவரிடமும் நீங்கள் கலப்பற்ற ஐனுவா என்று கேட்கக் கூடாது. சடங்குகளைப் படமெடுக்கும் முன் அனுமதி பெற வேண்டும். கைவினைப் பொருள் வாங்கும்போது, அதைச் செய்தவர் யார் என்று விசாரித்து, இயன்றவரை அவரிடமே வாங்க வேண்டும்.